இம்மலை நெருப்புடைத்து: பனிக்கு நடுவில் 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம்?

#1 · அடுக்களைப்புகை (கோத்தகிரி)

மலையில் புகை, ஆகவே நெருப்பு. இந்தியத் தருக்கத்தில் இதைவிடத் தேய்ந்த எடுத்துக்காட்டு கிடையாது. மணிமேகலை 29ஆம் காதையில் ஐந்து உறுப்பும் வரிசையாக வருகின்றன. இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம் (நிறுவ வேண்டியது), புகையுடைமையால் என்பது ஏது (காரணம்), அடுக்களை திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), அப்புறம் உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு). பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே காதையில் சற்றுத் தள்ளி, ஏதுப்போலிகளை (போலிக் காரணங்களை)ப் பேசும் இடத்தில் சித்தாசித்தம் என்று ஒரு பிழை வருகிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே 'புகைதான், நெருப்பு உண்டு' என்று துணிந்துவிடுவதுதான் அது. எழுதியவர் மலையில் இருந்தவர் என்றே படுகிறது. சமவெளி அடுக்களைக்குள் பனி நுழையாதே!

கொடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தைப் பார்த்தால் வெள்ளையாக ஒரு தூண் எழுகிறது. தீக்காவல் கோபுரத்தில் நிற்பவர் 'தீ என்று நினைக்கிறேன்' என்பதைத் தாண்டி 'தீ என்று தெரியும்' என்பதற்கு எந்தக் கட்டத்தில் போகலாம்? அப்படி ஒரு கட்டம் உண்மையிலேயே உண்டா? ஐயவாதி சொல்வதுபோல அது நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் பட்டம்தானா?

கருவி, அளவு, பிழை என்று பேசுவோம். குறள் 423ஐ யாரும் ஒட்ட வேண்டாம். மெய்ப்பொருளை எப்படிக் காண்பது என்பதுதான் இங்கே கேள்வியே.

#2 · தீத்தடம் (குன்னூர்)

வேலையாகச் செய்யும் முறையைச் சொல்கிறேன், தத்துவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூணின் அடி. பக்கத்தில் அசையாத இரண்டு குறிகளைப் பிடிக்க வேண்டும், ஒரு பாறை, ஒரு தனிமரம். பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தால், புகையின் அடி அந்தக் குறிகளுக்கு நடுவிலேயே நிற்கும், மேல்பகுதி மட்டும் காற்றில் சாயும். பனிக்கு அடி கிடையாது. மொத்தமாக நகரும், சரிவை ஒட்டித் தவழும், பள்ளத்தில் தேங்கும்.

அடுத்தது நிறம். இருண்ட சரிவைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் மெல்லிய புகை நீலம் பாய்ந்திருக்கும். அதே புகை வெளிச்சமான வானத்துக்கு எதிரே பழுப்பாகத் தெரியும். பனி இரண்டு பின்னணியிலும் வெள்ளை அல்லது சாம்பல்தான். ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பச்சை உண்ணிப்புதர் எரிந்தால் வரும் புகையில் நீராவி அதிகம், பனியைப் போலவே வெளுத்திருக்கும்.

மூன்றாவது, நேரமும் பருவமும். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து பிற்பகலில் பர்லியார் வழியாக ஏறிவரும் வெள்ளை பெரும்பாலும் பனி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய புல் பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும்போது, நண்பகலில், வெயிலில், ஒற்றைத் தூண் என்றால் கதை வேறு.

நான்காவது மணம். காற்று அங்கிருந்து நம்மை நோக்கி அடித்தால்தான் அதற்கு மதிப்பு. எதிர்த்திசையில் அடிக்கும்போது 'மணம் இல்லை' என்பது ஒன்றையும் சொல்லாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது செயற்கைக்கோள். விஐஐஆர்எஸ் கருவியின் ஒரு கட்டம் 375 மீட்டர், அதாவது சுமார் 14 ஹெக்டேர். மோடிஸ் என்ற இன்னொரு கருவியின் கட்டம் 1 கிலோமீட்டர். எச்சரிக்கை வந்தால் அந்தக் கட்டத்துக்குள் எங்கோ சூடு இருக்கிறது என்று பொருள், கட்டம் முழுக்க எரிகிறது என்றல்ல. மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஆகவே எச்சரிக்கை வராததை வைத்துத் தீ இல்லை என்று சொல்லக்கூடாது.

#3 · பேரிஜம்

அப்போ கேள்வி முடிஞ்சிருச்சே? அஞ்சையும் பாத்துட்டா தெரியும்னு சொல்லலாம், பாக்கலைன்னா நினைக்கிறேன்னு சொல்லலாம்.

#4 · சோலைக்குருவி (உதகை)

முடியவில்லை நண்பரே. அஞ்சையும் பார்த்து, நம்பியது உண்மையாகவும் இருந்து, அப்போதும் அறிவு என்று சொல்ல முடியாத இடங்கள் உண்டு.

8ஆம் நூற்றாண்டு பௌத்த உரைகாரர் தர்மோத்தரர் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். ஒருவர் இறைச்சி சுட நெருப்பை இப்போதுதான் மூட்டியிருக்கிறார், புகை இன்னும் கிளம்பவில்லை. இறைச்சியை மொய்க்கப் பூச்சிக்கூட்டம் கருமேகம்போல் திரண்டு நிற்கிறது. தூரத்தில் இருப்பவர் அதைப் புகை என்று எண்ணி 'அங்கே நெருப்பு' என்கிறார். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. நம்பிக்கை உண்மை, காரணமும் கையில் இருக்கிறது. ஆனாலும் 'அவருக்குத் தெரிந்திருந்தது' என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரையில் கிளப்பியதும் இதே சிக்கல்தான். உண்மை, நம்பிக்கை, நியாயம் மூன்றும் சேர்ந்தால் அறிவு என்ற வரையறையை அது உடைத்தது. 1966இல் சிஷம் சொன்ன வயல் ஆட்டை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் இப்படி: அந்தி வெளிச்சத்தில் தேயிலைச் சரிவில் ஒரு கரும்பாறையைக் காட்டெருமை என்று எண்ணுகிறீர்கள். அந்தப் பாறைக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்குப் படாமல், உண்மையிலேயே ஒரு காட்டெருமை படுத்திருக்கிறது. 'சரிவில் காட்டெருமை இருக்கிறது' என்பது சரி. ஆனால் சரியாகிப்போனது தற்செயலாக.

இன்னொன்று, முதல் பதிவுக்கு. அந்தப் போலி மணிமேகலைக்கே உரியது அல்ல. நியாயப்பிரவேசம் என்ற வடமொழிச் சிறுநூலிலும் அதே பிழை, அதே ஆவி எடுத்துக்காட்டோடு இருக்கிறது. மலையில் இருந்தவர் எழுதினார் என்ற ஊகம் நிற்காது.

#5 · அடுக்களைப்புகை (கோத்தகிரி)

ஒப்புக்கொள்கிறேன், அது என் ஆசை. பனியைப் புகையென்று எண்ணிய காரணத்தாலேயே நெருப்பை ஊகித்தேன், நெருப்பும் இருந்தது என்று நானே ஒரு நிலையைக் கற்பித்துக்கொண்டேனோ என்னவோ!

சரி, 'வழியில் ஒரு பொய்யும் இருக்கக்கூடாது' என்று நான்காவது நிபந்தனையைச் சேர்த்தால்? பூச்சியைப் புகை என்றது பொய், பாறையை எருமை என்றதும் பொய். இரண்டும் அடிபட்டுவிடும்.

#6 · சோலைக்குருவி (உதகை)

அடிபடும். ஆனால் அடுத்தது தப்பிவிடும். ஜூலை மாதம். சரிவு முழுக்க இருபது வெண்தூண்கள், பத்தொன்பது பனி, ஒன்று புகை. காவலர் தற்செயலாக அந்த ஒன்றைப் பார்த்து 'புகை' என்கிறார். வழியில் பொய்யே இல்லை, புகையைத்தான் புகை என்றார். ஆனால் பக்கத்துத் தூணைப் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். 1976இல் கோல்ட்மன் பேசிய போலிக் கொட்டகைகளின் (முகப்பு மட்டும் உள்ளவற்றின் நடுவே ஒரே ஒரு மெய்க் கொட்டகை) வகை இது. பொய்யை நீக்கினாலும் அதிர்ஷ்டம் போகவில்லை. பார்வைக்கு வெளியே, சூழலில் இருக்கிறது.

#7 · தீத்தடம் (குன்னூர்)

இதைக் கணக்கில் போட்டால் சட்டென்று புரியும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

காவலர் புகையைப் பார்த்தால் பத்தில் ஒன்பது தடவை சரியாகப் 'புகை' என்பார். பனியைப் பார்த்தால் நூறில் ஐந்து தடவை தவறிப்போய்ப் 'புகை' என்பார். நல்ல கண்தான்.

ஜூலையில் 1000 தூண்களில் 10 மட்டும் புகை என்று வைப்போம். அந்தப் பத்தில் 9ஐப் பிடிப்பார். மீதி 990 பனியில் சுமார் 50ஐப் புகை என்பார். ஆக 59 தடவை 'புகை' என்கிறார், 9 தான் சரி. நூற்றுக்குப் பதினைந்து.

பிப்ரவரியில் 1000இல் 300 புகை. 270ஐப் பிடிப்பார், 700 பனியில் 35ஐத் தவறாகச் சொல்வார். 305இல் 270 சரி, நூற்றுக்குச் சுமார் 89.

அதே ஆள், அதே கண், அதே பயிற்சி. மாதம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆகவே 'அவருக்குத் தெரியுமா' என்ற கேள்விக்கு ஆளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

#8 · மறுப்புக்காரன்

எல்லாரும் அழகா பேசுறீங்க. ஆனா ஒரு சோதனையை இன்னொரு சோதனையாலதானே தாங்கிப் பிடிக்கிறீங்க? கண்ணை நம்ப கோபுரம், கோபுரத்தை நம்ப திசைமானி, திசைமானியை நம்ப வரைபடம், வரைபடத்தை நம்ப அதைப் போட்டவன் கண்ணு. இதுக்கு மூணே வழிதான். முடிவில்லாம பின்னாடி போய்க்கிட்டே இருக்கலாம். சுத்தி வந்து பழைய இடத்துலயே நிக்கலாம். இல்லேன்னா ஒரு இடத்துல 'இது போதும்'னு காரணமில்லாம உக்காந்துக்கலாம். கிரேக்கத்துல அக்ரிப்பா பேர்ல சொல்ற ஐந்து முறைகள்ல இந்த மூணும் உண்டு. பௌத்தர் நாகார்ஜுனரும் இதைத்தான் கேட்டார்: பொருளை அளவையால, அதாவது அறியும் வழியால, நிறுவுறீங்க, அளவையை எதால நிறுவுவீங்க? ஐயவாதி ஜயராசி இன்னும் ஒரு படி மேல போய், ஒவ்வொரு அளவையோட இலக்கணத்தையும் எடுத்து உடைச்சுட்டே வந்தார். அவரோட நூல் ஏட்டுச்சுவடியா 1926ல குஜராத்தோட பாட்டன் ஊர்ல கிடைச்சு, 1940ல பரோடாவுல அச்சானது. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, இன்னும் யாரும் முழுசா பதில் சொன்ன மாதிரி தெரியல.

ஆகவே உங்க 'தெரியும்' எல்லாம் 'இப்போதைக்கு வேற யாரும் மறுக்கல'ங்கிறதுக்கு இன்னொரு பேரு.

#9 · கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி)

நாகார்ஜுனருக்கு, நியாயத் தருக்க மரபின் மூலநூலான நியாய சூத்திரத்தில் ஒரு பதில் இருக்கிறது, தராசு. தராசு மற்றதை நிறுக்கும். அந்தத் தராசையே இன்னொரு சமயம் சோதிக்கலாம், அப்போது அது அளக்கப்படும் பொருளாகிவிடும். இரண்டு வேடமும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சமயத்தில் வரலாம், அதில் முரண் இல்லை.

இதைப் பச்சைத் தேயிலைக் கொள்முதல் இடத்தில் பாருங்கள். தராசைச் சோதிக்கும் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் தளம் மட்டமா என்று பார்ப்பது. சரிவுத் தரையில் ஒரு கால் தொங்கினால் அளவு மாறும். பிறகு வெறும் தட்டில் சுழியம் நிற்கிறதா என்று பார்ப்பது. இலையின் ஈரம் தட்டில் தேங்கியிருந்தால் துடைக்க வேண்டும். அப்புறம் தராசின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு எடைக்கல்லை நான்கு மூலையிலும் தனித்தனியாக வைத்து, நான்கிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பது. மூலைக்கு மூலை மாறினால் உள்ளே உணரி கெட்டிருக்கிறது, அல்லது தட்டு எங்கோ உரசுகிறது. கடைசியாக முத்திரையின் காலம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை.

மறுப்புக்காரர் இதைக் கவனியுங்கள். இந்த நான்கில் எதையும் எப்போது வேண்டுமானாலும் ஐயப்படலாம். ஒவ்வொரு ஐயத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆனால் 'எல்லாத் தராசும் எல்லாக் கல்லும் ஒரே நேரத்தில் பொய்' என்று சொன்னீர்களானால், அதைச் சொல்ல உங்களுக்கு எந்தக் கல் உதவியது?

#10 · மறுப்புக்காரன்

நான் 'பொய்'னு சொல்லவே இல்லீங்களே. 'மெய்'னு நீங்க சொல்றதுக்கு ஆதாரம் கேட்டேன், அவ்வளவுதான். கிரேக்க ஐயவாதி பிர்ரோவோட வழிக்காரங்க எதையும் மறுக்கறதில்ல, துணியறதைத் தள்ளிவைக்கிறாங்க. ரெண்டு தராசும் ஒத்துப்போறது மெய்க்கு ஆதாரமா? ஒரே தப்புக் கல்லை வச்சு ரெண்டையும் சரிபண்ணியிருந்தா ரெண்டும் ஒத்துத்தான் போகும்.

#11 · தீத்தடம் (குன்னூர்)

இந்த ஓர் இடத்தில் மறுப்புக்காரர் பக்கம் நிற்கிறேன். திசைக்கோட்டிலும் இதே தப்பு நடக்கிறது.

இரண்டு கோபுரங்களிலிருந்து திசைமானியில் தூணின் பாகையை எடுத்து வரைபடத்தில் கோடு போடுகிறோம். கோடுகள் ஓர் இடத்தில் வெட்டும். 'ரெண்டு கோபுரமும் ஒத்துப்போச்சு' என்பார்கள். ஒத்துப்போகவில்லை! இணையாக இல்லாத எந்த இரண்டு கோடும் எங்காவது வெட்டித்தான் தீரும். ஒருவர் 20 பாகை தவறாகப் படித்திருந்தாலும் வெட்டும். இரண்டு கோடு ஒரு விடையைத் தரும், அந்த விடையைச் சோதிக்காது.

சோதிக்க மூன்றாவது கோடு வேண்டும். மூன்றும் ஒரே புள்ளியில் கூடாது, நடுவில் ஒரு சிறு முக்கோணம் விழும். அந்தப் பிழை முக்கோணத்தின் அளவுதான் நம் அறியாமையின் அளவு. 1 பாகைப் பிழை என்றால் 5 கிலோமீட்டரில் சுமார் 87 மீட்டர், 10 கிலோமீட்டரில் சுமார் 175 மீட்டர் தள்ளும். அந்த அளவுக்குள் முக்கோணம் இருந்தால் நல்லது. அரைக் கிலோமீட்டர் விரிந்தால் யாரோ தப்பாகப் படித்திருக்கிறார்கள், அல்லது மூவரும் பார்த்தது ஒரே தூண் இல்லை.

இனி மறுப்புக்காரருக்கு நானே ஆயுதம் தருகிறேன். மூன்று திசைமானியிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் பிழை இருக்கிறது என்று வையுங்கள். காந்த வடக்கை மெய்வடக்கு என்று மூவரும் எடுத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். பொதுவாக முக்கோணம் விரிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் தீ இருக்கும் இடம் மூன்று கோபுரங்களின் வழியாகப் போகும் வட்டத்தின் மேலேயே இருந்தால் முக்கோணம் விழாது. மூன்று கோடும் ஊசிமுனைபோல ஒரே புள்ளியில் கூடும், அதே வட்டத்தில் வேறோர் இடத்தில். பள்ளிக்கூட வடிவியல்தான், ஒரே வில்லின் மேல் நிற்கும் கோணங்கள் சமம். மூன்று சாட்சி, முழு ஒற்றுமை, தவறான இடம்.

#12 · மறுப்புக்காரன்

இதைத்தாங்க ரெண்டாயிரம் வருஷமா சொல்லிட்டிருக்கோம் 🙂

#13 · தீத்தடம் (குன்னூர்)

அவசரப்படாதீங்க, மருந்தும் இருக்கிறது. தீயைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் தொட்டபெட்டா உச்சிக்கு ஒரு பாகை எடுங்கள். 2637 மீட்டர், பனி விலகினால் எங்கிருந்தும் தெரியும். வரைபடப்படி இருக்க வேண்டிய பாகையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எல்லா அளவிலும் கழியுங்கள். பொதுப்பிழை போய்விடும். பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, வாக்கிடாக்கி இரண்டும் இருந்தால் விலகி நின்று எடுங்கள். அந்தப் பிழை கோபுரத்துக்குக் கோபுரம் மாறும், ஒரே கழிவில் போகாது.

#14 · சூரியவெளிச்சம் (கொடைக்கானல்)

'ஒத்துப்போவது' ஆதாரமல்ல, 'வேறுவிதமாக இருந்திருந்தால் வேறுவிதமாகத் தெரிந்திருக்கும்' என்பதே ஆதாரம். இதற்கு எங்கள் மலையிலேயே நல்ல சான்று இருக்கிறது.

1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகளைப் பார்த்தார். புள்ளியின் கருமையத்தைச் சுற்றியுள்ள அரைநிழற் பகுதியில் கோடுகள் விலகியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் மவுண்ட் வில்சனில் ஹேல் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் காட்டியிருந்தார். புள்ளி ஒரு சுழல் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. எவர்ஷெட் பார்த்தது சுழலா, கருவிக் கோளாறா, வேறெதுவுமா?

கருவியில் ஒளி நுழையும் பிளவை இரண்டு திசையில் வைத்துப் பார்த்தால் விடை பிரியும். சூரிய வட்டின் மையத்தையும் புள்ளியையும் இணைக்கும் கோட்டோடு பிளவை வைத்தால், மையப்பக்கம் நீலத்துக்கும் (வாயு நம்மை நோக்கி வருகிறது) விளிம்புப்பக்கம் சிவப்புக்கும் (விலகிப் போகிறது) கோடு விலகுகிறது. அதற்குக் குறுக்காக வைத்தால் விலகல் இல்லை. சுழலாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். கருவிக் கோளாறாக இருந்தால் வட்டின் நடுவில் உள்ள புள்ளியிலும் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் தெரியவில்லை, விளிம்பை நெருங்க நெருங்க வளர்கிறது. ஆக வாயு புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக, மேற்பரப்பை ஒட்டி, நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவில் பாய்கிறது.

ஒவ்வொரு மாற்றுக்கும் அது வேறு எதைக் காட்டியிருக்கும் என்று எழுதி, அது இல்லை என்று பார்த்திருக்கிறார். 1981இல் நோசிக் அறிவுக்குச் சொன்ன 'பொய்யாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்' என்ற நிபந்தனையை ஆய்வகத்தில் செய்துகாட்டியது போல.

#15 · பேரிஜம்

சார், 'சூரியனே கனவு'ன்னா? எவர்ஷெட்டும் கனவு, பிளவும் கனவு.

#16 · சோலைக்குருவி (உதகை)

அங்கேதான் முடிச்சு. 'லாங்வுட் சோலைப் பக்கம் தீ எரிகிறது என்று தெரியும்' என்று சொன்னால், தீ எரிகிறது என்பதிலிருந்து 'இதெல்லாம் வெறும் கனவு அல்ல' என்பது தானாக வருகிறது. அப்படியானால் கனவு அல்ல என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டும் சோதனை கிடையாது, சோதனையும் கனவுக்குள்ளேயே நடக்கும். ஆகவே தீயும் தெரியாது. வசுபந்துவும் கனவைத்தான் எடுத்தார், தெகார்த்தும் 1641இல் அதையே எடுத்தார்.

பதில்கள் மூன்று வகை. டிரெட்ஸ்கியும் நோசிக்கும் 'தீ தெரியும், ஆனால் கனவல்ல என்பது தெரியாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்' என்றார்கள். அறிந்ததன் விளைவு அனைத்தையும் அறிந்தாக வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இது விழுங்கமுடியாத மாத்திரை. அப்படியானால் 'தீ எரிகிறது, ஆகவே வண்டியை அனுப்பு' என்ற சங்கிலியில் எங்கே வேண்டுமானாலும் அறிவு அறுந்துபோகும். 1939இல் மூர் தலைகீழாக்கினார்: கை இருப்பது எந்தத் தத்துவ வாதத்தைவிடவும் உறுதி, ஆகவே வாதத்தில்தான் எங்கோ பிழை. பிடிவாதம்போல் தோன்றும், ஆனால் பிடிவாதம் இரண்டு பக்கமும் உண்டு. விட்கன்ஸ்டைன் கடைசிக் காலத்தில் எழுதிய குறிப்புகளில் கீலைச் சொல்கிறார். கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் இருக்க வேண்டும். கீலை நாம் சோதித்து வைக்கவில்லை, கதவைத் திறப்பதால் அது கீலாகிறது.

தொட்டபெட்டா அந்தப் பாகையில்தான் இருக்கிறது என்பது தீக்காவலருக்குக் கீல். நில அளவையருக்கு அது கதவு, அவர் அதைச் சோதிப்பார். அவருக்கு வேறொரு கீல் இருக்கும்.

#17 · மறுப்புக்காரன்

கீல்னு பேர் வச்சா 'காரணமில்லாம உக்காந்துக்கறது' மரியாதையாயிடுமா? என் மூணாவது வழிதானே இது.

#18 · கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி)

ஒருவிதத்தில் ஆமாம். ஆனால் 'எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்' என்பதும் 'இந்த வேலைக்கு இங்கேதான் உட்கார முடியும், அசைந்தால் நகர்த்துவோம்' என்பதும் ஒன்றா? முத்திரை வைத்த கல்லே தேய்ந்துவிட்டது என்று ஐயம் வந்தால் அதைவிட நுணுக்கமான கல்லோடு ஒப்பிடுகிறார்கள். உட்கார்ந்த இடம் நிரந்தரம் இல்லை.

#19 · பன்னிரண்டாமாண்டு (கொடைக்கானல்)

கனவை விடுங்கள். எனக்கு அதைவிட உறுத்துவது நாளைய குறிஞ்சி.

பூத்த ஆண்டுகளை 2018, 2006, 1994 என்று பின்னால் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போனால் 1838 வரை 15 இடைவெளி. ஆகவே 2030 என்கிறோம். சார்வாகர் 'புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு என்பதில் எல்லா இடத்தையும் யார் பார்த்தார்?' என்று கேட்டார். ஹியூம் கேட்டதும் அதுதான்: இதுவரை இப்படி, ஆகவே இனியும் இப்படி என்பதற்கு 'இதுவரை' என்பதைத் தவிர என்ன இருக்கிறது? குட்மன் 1955இல் இதைக் கூர்மையாக்கினார். '2030க்கு முன் 12 ஆண்டுக்கொரு முறை, பிறகு 9 ஆண்டுக்கொரு முறை பூப்பது' என்ற குணத்துக்குப் பன்னிரொன்பது என்று பெயர் வைப்போம். இதுவரை உள்ள 15 இடைவெளியும் பன்னிரொன்பதுக்கும் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. எண்ணிக்கை எந்தப் பக்கமும் சாயாது.

#20 · அடுக்களைப்புகை (கோத்தகிரி)

நியாய மரபினரான நையாயிகர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை, உபாதியை (மறைந்த நிபந்தனையை)த் தேடச் சொன்னார்கள். அவர்கள் சொல்லும் பழைய எடுத்துக்காட்டே நம் தலைப்புக்கு நேராக வருகிறது. 'புகை உண்டேல் நெருப்பு உண்டு' நிற்கும். 'நெருப்பு உண்டேல் புகை உண்டு' நிற்காது, ஈரவிறகு என்ற மறைந்த நிபந்தனை அதில் இருக்கிறது. குறிஞ்சியிலும் வெறும் ஆண்டு எண்ணை விட்டு, அந்தச் செடி ஒரே முறை பூத்து விதைத்துச் சாகும் இனம், விதையிலிருந்து கூட்டமாக ஒன்றாக வளர்கிறது என்பதைப் பிடித்தால், 12 எங்கே உடையும் என்றும் சொல்லலாம். சில செடிகள் இடையில் தப்பிப் பூப்பதும், வேறு வேறு சரிவில் வேறு ஆண்டுக் கணக்கில் கூட்டங்கள் இருப்பதும் அப்போது விதிவிலக்காகத் தெரியாது. பன்னிரொன்பதுக்கு அப்படி ஒரு செடிக்கதை இல்லை. இது ஹியூமை வெல்கிறதா என்றால் இல்லை. அவர் 'அந்தச் செடிக்கதையும் இதுவரைதானே' என்பார்.

#21 · தீத்தடம் (குன்னூர்)

ஈரவிறகு நடைமுறையில் உயிர் போகும் விஷயம். நண்பகலில் காய்ந்த புல்வெளித் தீயில் புகை மிகக் குறைவு, வெயிலில் சுவாலையும் தெரியாது. 'புகை இல்லை, ஆகவே தீ இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவதுதான் மார்ச் மாதத்தின் பெரிய தவறு. எழுத வேண்டியது 'புகை தென்படவில்லை' மட்டும்.

#22 · ஊற்றுக்கண் (உதகை)

உபாதி என்றதும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நினைவுக்கு வருகிறது. 'கற்பூர மரம் வந்தபிறகு ஊற்று வற்றியது' என்பது உண்மையாகவே இருந்தாலும், அதே காலத்தில் மழையும் குறைந்திருந்தால்? கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, சில ஆண்டுகள் இரண்டையும் புல்லாகவே விட்டு அளந்து, பிறகு ஒன்றில் மட்டும் மரம் நட்டார்கள். மழை இரண்டுக்கும் ஒன்றே. முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடிவரும் நீர் சுமார் 16 சதம் குறைந்தது, அடுத்த சுற்றில் சுமார் 25 சதம். மழை என்ற உபாதி கழிந்துவிட்டது. ஆனால் இதை வைத்து 'எங்கள் ஊர் ஊற்று வற்றியதும் இதனால்தான் என்று தெரியும்' என்பவர்கள் ஒரு படி தாண்டிக் குதிக்கிறார்கள். அந்த ஊற்றுக்கு இணைப் பள்ளம் யாரும் வைக்கவில்லை.

#23 · பேரிஜம்

வாட்ஸப்புல 'கொடநாடு காட்டுல பெருந்தீ'ன்னு நாப்பது பேர் அனுப்பினா அது ஆகம அளவையா? 😀

#24 · சோலைக்குருவி (உதகை)

நாற்பது இல்லை, ஒன்று. ஒரே படத்தை நாற்பது பேர் அனுப்பினால் சாட்சி ஒன்றுதான், 11ஆம் பதிவின் பொதுப்பிழைதான் இதுவும். கேட்க வேண்டியவை: படம் எடுத்தவர் யார், எங்கே நின்று, எந்த நாள், எத்தனை மணிக்கு. இந்த நான்கும் வேறு வேறாக இருக்கும் இரண்டாவது படம் வந்தால்தான் இரண்டாவது சாட்சி. ஆகமம் என்ற உரையளவையில் (பிறர் சொல்லால் அறிவது) சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏமாற்றும் நோக்கமும் இருக்கக்கூடாது. அனுப்பியவரைப் பற்றி அல்ல, முதலில் பார்த்தவரைப் பற்றித்தான் இந்த விசாரணை.

#25 · அடுக்களைப்புகை (கோத்தகிரி)

எல்லாவற்றையும் வைத்துப் பதிவேட்டுக்கு ஒரு படிவம் போட்டுப் பார்க்கிறேன். திருத்துங்கள்.

கண்டது: வெண்தூண், அடி அசையவில்லை, 10 நிமிடம். பாகை: 140, தொட்டபெட்டா திருத்தம் கழித்தது. மற்றக் கோபுரங்கள்: இரண்டு, முக்கோணம் 150 மீட்டருக்குள். மணம்: காற்று எதிர்த்திசை, பொருந்தாது. ஐயம்: பனி, ஈரப்புதர் ஆவி. சோதனை: அரைமணி கழித்து மீண்டும் பார்ப்பது, ரோந்து ஒருவர். துணிவு: தீ.

'ஐயம்' கட்டத்தில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் 'சோதனை' கட்டத்தில் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'துணிவு' கட்டத்தை நிரப்பக்கூடாது.

#26 · மறுப்புக்காரன்

'ஐயம்' கட்டத்துல 'கனவு'ன்னும் எழுதிக்கோங்க.

#27 · அடுக்களைப்புகை (கோத்தகிரி)

எழுதிவிட்டேன். 'சோதனை' கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

#28 · மறுப்புக்காரன்

ஒண்ணுமில்ல, காலியா விடுங்க. அப்போ உங்க விதிப்படி 'துணிவு' கட்டத்தையும் காலியாத்தான் விடணும்.

#29 · அடுக்களைப்புகை (கோத்தகிரி)

மாட்டிக்கொண்டேன். விதியை இப்படி மாற்றலாமா: எந்தச் சோதனையின் விடையையும் மாற்றாத ஐயம் படிவத்தில் வேறொரு பக்கத்தில் போகும். அந்தப் பக்கத்தை வைத்து வண்டியை நிறுத்தவும் முடியாது, அனுப்பவும் முடியாது.

#30 · மறுப்புக்காரன்

வேற பக்கம்னாலும் அதே பதிவேடுதானே? கிழிக்கலையே? அப்போ சரி.

#31 · தீத்தடம் (குன்னூர்)

படிவத்தில் ஒரு திருத்தம். நானே முதலில் சொன்ன 10 நிமிடம் போதாது, காற்றில்லாத காலையில் பள்ளத்துப் பனியின் அடியும் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கும். 20 என்று போடுங்கள், பார்க்கத் தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள்.